முதல் தடவை சொன்னபடி

மரக்காணம் உப்பளத்தில் நடராசனுக்குத் தண்ணீர் பார்க்கிற வேலை. கால்வாயிலிருந்து இன்ஜின் இறைத்துத் தள்ளுகிற உப்புத் தண்ணீரை எந்தப் பாத்திக்கு எப்போது திறந்துவிடுவது, எப்போது மடையை அடைப்பது என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். அதற்காக ஒரு கண்ணாடிக் குழாய் வைத்திருந்தார். தண்ணீரில் விட்டால் நிமிர்ந்து நின்று மிதக்கும். உப்பு ஏற ஏறக் குழாயும் மேலே ஏறும். கழுத்தில் இருக்கிற கோட்டைப் பார்த்து இத்தனை டிகிரி என்று சொல்லிவிடலாம். இரண்டு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தே டிகிரி சொல்கிற ஆட்களும் அளத்தில் இருந்தார்கள். நடராசன் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். நாக்கு ஆளுக்கு ஆள் மாறும் என்பார்.

கடவுள் விஷயத்திலும் அவர் அப்படித்தான். இருபது வயதில் வானூரில் ஒரு பகுத்தறிவு மன்றத்தில் சேர்ந்தவர், ஐம்பதை நெருங்கிய பிறகும் மாதத்தில் ஒரு ஞாயிறு கறுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். அவர் மனைவி பொன்னி அதே அளத்தில் உப்பு வாருகிறவள். பிரதோஷத்துக்குப் பிரம்மதேசம் சிவன் கோயிலுக்குப் போவாள். ஆடி மாதம் ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் தீ மிதிப்பாள். அவர் அவளைத் தடுத்ததில்லை, அவள் அவரைக் கூப்பிட்டதில்லை. ஒரே மகளைத் திண்டிவனத்தில் கட்டிக் கொடுத்துவிட்டு இருவரும் சண்டை சச்சரவில்லாமல் இருந்தார்கள்.

சுனாமி வந்த மறுமாதம்தான் முதல் மனஸ்தாபம். கால்வாய் வழியாக ஏறின கடல் பாத்தியெல்லாம் சேற்றைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. பொங்கலுக்குப் பிறகு ஆட்கள் சேறு அள்ளிக்கொண்டிருந்தார்கள். பொன்னியோடு வேலை செய்கிற லூர்துமேரியும் வந்திருந்தாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் மீன் வாங்கலாம் என்று அவளும் அவள் நாத்தனார் அமுதவல்லியும் எக்கியார்குப்பம் பக்கம் கரைக்குப் போயிருந்தபோது அலை இருவரையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனது. அமுதவல்லியை இரண்டு நாள் கழித்துத் தாழம்புதருக்குள் இருந்து எடுத்தார்கள். லூர்துமேரி ஒரு சவுக்கு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உயிரோடு இருந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் அதைச் சொன்னாள். தண்ணீருக்கு அடியில் மூச்சு முட்டிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு கை தன் புஜத்தைப் பிடித்து மேலே தூக்கிவிட்டது, அது மாதாவின் கை என்றாள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். நடராசன் மட்டும், அது அவளுக்கு நடந்தது, அவளுக்கு வேண்டுமானால் சாட்சியாக இருக்கலாம், மற்றவர்களுக்கு அது காதில் விழுந்த பேச்சுதான் என்றார். அதோடு விட்டிருக்கலாம்.

"செரி, அந்தக் கை அமுதவல்லிய ஏன் வுட்டுட்டுப் போச்சி?" என்று கேட்டார்.

லூர்துமேரி டிபன் பாக்ஸை மூடி எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து அவரோடு பேசவில்லை. பொன்னியும் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை.

பங்குனி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். காலை பத்தரை மணி வாக்கில் கடைசிப் பாத்தியின் வரப்பில் குந்திக் குழாயைத் தண்ணீரில் விட்டபோது நடராசனுக்கு ஒன்று நடந்தது. அன்று முழுக்க யாரிடமும் அவர் அதைச் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், பொன்னி குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தபோது தலை நிமிராமல் சொன்னார்:

"டிகிரி பாக்க குந்தினேன். யாரோ என்ன பாத்துக்னு இருக்கற மாரி இருந்துச்சி. நல்லாத் தெரிஞ்சவங்க பாக்கறாப்ல. திரும்பிப் பாத்தேன், யாரும் இல்ல. யாரும் இல்லன்னு பாத்த அப்பறமும் அது போவல. கொஞ்ச நேரம் இருந்துச்சி. அப்பறம் இல்ல. அழுதுட்டேன் போலருக்குது, கன்னம்லாம் ஈரமா இருந்துச்சி."

"அவ்ளோதானா மாமா?"

"அவ்ளோதான்."

பொன்னி கரண்டியைக் குண்டானில் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். சாமி என்ற வார்த்தையை அவள் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவர் அந்தப் பேச்சை அங்கேயே முடித்திருப்பார். எந்தப் பக்கமிருந்து பார்த்தது, ஆம்பிளையா பொம்பளையா என்று கேட்டாள். பக்கம் என்று ஒன்று இல்லை, ஆளும் இல்லை என்றார். ஆள் இல்லாமல் பார்வை மட்டும் எப்படி வரும் என்றாள். அதைத்தான் மூன்று நாளாகத் தானும் யோசிப்பதாக அவர் சொன்னார்.

முதலில் அவர் உடம்பைச் சந்தேகப்பட்டார். அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிரஷர், சர்க்கரை எல்லாம் பார்த்துக்கொண்டார். டூட்டியில் இருந்த டாக்டர் சின்னப் பெண். பொறுமையாகக் கேட்டாள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, வெயிலில் குந்தி எழுந்தால் சிலருக்கு இப்படித் தோன்றலாம் என்றாள். வெயிலால் வந்தது என்றால் அது பொய் என்று ஆகிவிடுமா, வெயில் இருந்தால்தானே வரப்பும் கண்ணுக்குத் தெரிகிறது என்று நடராசன் கேட்டார். அவள் சிரித்துவிட்டு, அதெல்லாம் தனக்குத் தெரியாது, தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்றாள்.

பிறகு அவர் சோதனையில் இறங்கினார். அதே வரப்பு, அதே நேரம். ஒருநாள் வெறும் வயிற்றில், ஒருநாள் கூழ் குடித்துவிட்டு, ஒருநாள் தலையில் துண்டு கட்டி, ஒருநாள் கட்டாமல். பத்து நாள் ஆயிற்று. ஒன்றும் வரவில்லை. பதினோராம் நாள் குழாயை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது பொன்னி பின்னாலேயே வந்தாள்.

"என்ன குந்த வையி" என்றாள்.

எந்தக் காலை முன்னால் வைத்தார், முகம் கடல் பக்கமா ரோட்டுப் பக்கமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அதேபோல் குந்தினாள். குழாயை அவளே தண்ணீரில் விட்டாள். அது ஆடி நின்ற பிறகும் எழுந்திருக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. அரைமணி கழித்து நடராசன் அவள் தோளைத் தொட்டபோதுதான் அவள் அழுதுகொண்டிருப்பது தெரிந்தது. வந்ததா என்று கேட்டார். அவள் தலையாட்டினாள், இல்லை என்று.

"இருபத்தாறு வருஷமா தீ மிதிக்கறேன் மாமா. அல்லாரும் பூ மேல நடக்கற மாரி இருக்குதுன்றாங்க. எனக்கு ஒவ்வொரு தபாவும் சுட்டுச்சி. அவ்ளோதான். பக்கத்துல நிக்கறவளுக்கெல்லாம் சாமி வரும், நான் பாத்துக்னே நிப்பேன். யாரு கேட்டாலும் பூ மாரி இருந்துச்சின்னு சொல்லிடுவேன்."

பக்திக்காரிகளுக்கு உள்ளே எப்போதும் ஏதோ கேட்டுக்கொண்டே இருக்கும், அந்த மயக்கத்தில்தான் காலம் தள்ளுகிறார்கள் என்றுதான் இத்தனை வருஷமும் நடராசன் நினைத்திருந்தார். ஒன்றும் கேட்காமலே ஒருத்தி கோயிலுக்கு நடந்துகொண்டிருப்பாள் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அப்படியிருந்தும் ஏன் போகிறாள் என்று கேட்டார். எல்லாருக்கும் வருகிற இடத்தில் தனக்கும் ஒருநாள் வராதா என்றுதான் என்றாள். பிறகு, அவருக்கு வந்ததில் தனக்கு வயிற்றெரிச்சல் என்றும் ஒளிக்காமல் சொன்னாள்.

அந்த ஞாயிறு அவர் வானூர் போகவில்லை. சர்ச்சில் பூசை முடிந்து வருகிற நேரம் பார்த்து லூர்துமேரி வீட்டு வாசலில் போய் நின்றார். அவள் உள்ளே கூப்பிடவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் போட்டாள். அன்றைக்கு நாலு பேர் முன்னால் அப்படிக் கேட்டது தப்பு என்று முதலில் சொன்னார். அப்புறம் தனக்கு நடந்ததைச் சொன்னார்.

"பயமா இருந்துச்சா உனக்கு?" என்றாள்.

"இல்லம்மா."

"எனக்குப் பயமா இருந்துச்சிண்ணா. இப்பவும் பயந்தான், அந்தக் கை மேல. நீ கேட்டியே அமுதாவ ஏன் வுட்டுச்சின்னு. நீ ஒரு தபா கேட்ட. நான் தெனம் கேக்கறேன்."

அவர் மெதுவாக, அது மரக்கிளையாகக்கூட இருந்திருக்கலாமே என்றார். வாதத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. லூர்துமேரி தன் இடது புஜத்தை வலது கையால் பிடித்துக் காட்டினாள். கிளையாக இருந்தால் கிளை என்று தெரிந்திருக்கும், ஐந்து விரலும் அழுந்தியது என்றாள்.

"அது அமுதா கையா இருக்குமோன்னும் நெனச்சிருக்கேன். அவ என்ன மேல தள்ளிட்டு உள்ள போயிருப்பாளோன்னு. அப்பிடின்னா அது மாதா இல்லன்னு ஆயிடுமா? எனக்குத் தெரியல. சர்ச் சாமியாருகிட்டயும் கேக்கல."

நடராசன் அவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, அவளைப் பிடித்தது எதுவாயிருந்தாலும் அவள் பொய் சொல்லவில்லை என்பது தனக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். மறுநாளிலிருந்து அளத்திலும் அவள் அவரை அண்ணா என்று கூப்பிட்டுப் பேசினாள்.

மன்றத்துச் செயலாளர் சகாதேவன் சித்திரைக் கடைசியில் வீட்டுக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் எடுத்து ஓய்வுபெற்றவர். முப்பது வருஷச் சிநேகிதம், ஒளிக்கக்கூடாது என்று நடராசனே அவருக்கு எல்லாவற்றையும் கடிதத்தில் எழுதியிருந்தார். சகாதேவன் கேலி செய்யவில்லை. மூளை சில நேரம் இல்லாத ஆளைப் பக்கத்தில் நிறுத்திக் காட்டும், மலை ஏறுகிறவர்களுக்கும் தனியாகக் கப்பலில் போகிறவர்களுக்கும் நடந்திருக்கிறது என்று விளக்கினார். அடுத்த கூட்டத்தில் நடராசனே அதைப் பேசவேண்டும், அனுபவப்பட்டவர் சொன்னால் எடுபடும் என்றார். எங்கே, தன்னிடம் ஒரு தடவை சொல்லிக் காட்டட்டும் என்றார்.

நடராசன் சொன்னார். டிகிரி பார்க்கக் குந்தியது, லேசாகத் தலை சுற்றியது, கண் இருட்டியது, அப்போது யாரோ பார்ப்பதுபோல் இருந்தது என்று சொல்லிக்கொண்டு போனார். டம்ளர் எடுக்க வந்த பொன்னி அங்கேயே நின்றுவிட்டாள்.

"தல சுத்துச்சின்னு நீ சொல்லலியே மாமா."

சொல்லாமல் என்ன, சுற்றத்தான் செய்தது என்றார். அவள் முதல் தடவை அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் திரும்பச் சொன்னாள். குந்தினேன், பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது, திரும்பினேன், யாரும் இல்லை, அப்புறமும் போகவில்லை. அதில் தலையும் இல்லை, கண்ணும் இல்லை. அவள் சொன்னதுதான் சரி என்று நடராசனுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் தலை சுற்றிய ஞாபகமும் கூடவே இருந்தது. அது எப்போது வந்து ஒட்டிக்கொண்டது என்று புரியவில்லை. சகாதேவனுக்குப் பிடிக்கும்படி அதைச் சேர்த்தது தான்தானா?

சகாதேவன் பொன்னியை ஆச்சரியமாகப் பார்த்தார். எத்தனை தடவை இதைக் கேட்டிருக்கிறாய் என்று அவளிடம் விசாரித்தார். தினமும் கேட்பேன், நடந்தவருக்கு அது நடந்து முடிந்துவிட்டது, எனக்கு இருப்பது அவர் சொன்னது மட்டும்தானே, அதனால் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றாள். கூட்டத்தில் பேசவேண்டாம் என்று சகாதேவனே சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

விஷயம் அதற்குள் வானூரிலிருந்து பஸ் ஏறி ஊருக்குள் வந்துவிட்டது. ஆடி பிறப்பதற்கு முன்னால் கோயில் விழாக் குழுத் தலைவர் பக்தவச்சலம் நாலு பேரோடு வந்தார். தீமிதி நோட்டீஸ் அடிக்கப் போகிறோம், கறுப்புச் சட்டைக்காரருக்கே அம்மன் காட்சி கொடுத்ததை அதில் போட்டு மேடையில் பொன்னாடை போர்த்தலாம் என்று தீர்மானித்திருக்கிறோம் என்றார். தான் எந்த அம்மனையும் பார்க்கவில்லை என்றார் நடராசன். பின்னே என்னதான் பார்த்தீர்கள் என்று அவர்கள் ஆசையாகக் கேட்டார்கள். வெற்றிலைத் தட்டோடு வந்து உட்கார்ந்திருந்த அந்த முகங்களைப் பார்த்து அவருக்கும் மனசு இளகிவிட்டது. சொல்லத் தொடங்கினார். நடுவில், பாத்தித் தண்ணீரெல்லாம் பளீரென்று ஒரு வெளிச்சம் மாதிரி என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டது.

இந்தத் தடவை அவரே நிறுத்திப் பொன்னியைப் பார்த்தார்.

"வெளிச்சம்லாம் இல்ல" என்றாள் அவள்.

பக்தவச்சலத்துக்குக் கோபம். தீ மிதிக்கிற பொம்பளையே இப்படிப் பேசலாமா, வெளிச்சம் இருந்தது என்று சொல்வதில் அவளுக்கு என்ன நஷ்டம் என்றார். அவர் முதல் தடவை சொன்னதில் அது இல்லை, இருந்திருந்தால் தன்னைவிடச் சந்தோஷப்படுகிறவள் யாரும் இருக்க முடியாது என்று பொன்னி சொன்னாள். அவர்கள் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். நோட்டீஸில் அது வரவில்லை.

ஆடியில் அவள் தீ மிதித்தாள். நடராசன் வழக்கம்போல வீட்டில் இருந்தார். திரும்பி வந்தவள் கால் இரண்டையும் மஞ்சள் தண்ணீரில் வைத்துக்கொண்டு, அன்று நடந்த ஒன்றைச் சொன்னாள். குழி தாண்டி வந்ததும் பெண்கள் எப்படி இருந்தது என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டிருக்கிறார்கள். பூ மாதிரி என்று சொல்ல வாயெடுத்தவள், சுட்டது என்று சொல்லிவிட்டாள். எல்லாரும் திகைத்துப் பார்த்தார்கள். விரதத்தில் ஏதோ குறை என்று ஒருத்தி முணுமுணுத்தாள். கூட்டம் கலைந்த பிறகு குப்பம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். வருஷா வருஷம் முதல் ஆளாகக் குழியில் இறங்குகிறவள், ஊரில் அவள் சாமி வந்து சொல்லும் வாக்குக்காகக் காத்திருப்பார்கள். தனக்கும் நாலு வருஷமாகச் சுடுகிறது, அதற்கு முன்னால் நிஜமாகவே சுட்டதில்லை, ஏன் என்று தெரியவில்லை என்று அவள் காதோடு சொன்னாளாம்.

"முன்ன சுடலன்னது நெசமா இருக்குமா?" என்று நடராசன் கேட்டார்.

"நெசந்தான் மாமா. பொய் சொல்றவ இப்ப சுடுதுன்னு ஏன் சொல்லணும்?"

அவர் எழுந்து போய் மஞ்சள் தண்ணீரை மாற்றிக்கொண்டு வந்தார்.

அந்த வருஷக் கடைசியில் மன்றம் சுனாமி நினைவுக் கூட்டம் நடத்தியது. நடராசன் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தார். கடவுள் உண்டு என்று அவர் சொல்லத் தொடங்கிவிடவில்லை, கோயிலுக்கும் போகவில்லை. அதே நாளில் லூர்துமேரி அமுதவல்லிக்காகச் சர்ச்சில் பூசைக்குக் கொடுத்திருந்தாள். காலையில் அதற்கும் போய்ச் சர்ச்சுக்கு வெளியே நின்றுவிட்டுத்தான் பஸ் ஏறினார். யாராவது தனக்கு இப்படி ஒன்று நடந்தது என்று சொன்னால், ஏன் எதற்கு என்று கேட்பதை அவர் விடவில்லை. ஆனால் முழுவதும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருக்கப் பழகியிருந்தார். அந்தப் பார்வை மட்டும் மறுபடி அவருக்கு வரவே இல்லை.

இரண்டாயிரத்து ஆறு மாசியில் உப்பு நன்றாக விளைந்தது. ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இருவரும் இன்ஜின் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். பொன்னி மறுபடி அதைச் சொல்லச் சொல்வாள் என்று நினைத்தார். அவள் வேறொன்று கேட்டாள்.

"அது உன்ன பாத்துச்சின்னியே மாமா. அதுக்கு உன்ன புடிச்சிருந்துச்சா?"

டாக்டரோ சகாதேவனோ பக்தவச்சலமோ அதைக் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"கோவம் இல்ல" என்றார் பாத்திகளைப் பார்த்தபடி. "புடிச்சிருந்துச்சான்னு தெரியல. ஆனா என் மேல அதுக்குக் கோவம் இல்ல."

"இத நீ மொத தபா சொல்லல."

"மொத தபா நீ கேக்கல."

பொன்னி அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். இது அன்றைக்கு இருந்ததா, இப்போது வந்து ஒட்டிக்கொண்டதா, தான் பத்திரமாக வைத்திருக்கிற பேச்சோடு சேர்த்துக்கொள்ளலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. யோசித்தபடியே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, உப்பு வாருகிற பலகையை எடுத்துப் பாத்திக்குள் இறங்கினாள்.